வால்வா? டிரான்சிஸ்டரா?

இசையில் நாட்டமில்லாத தமிழ் மாணவரைக் காண்பது அரிது. தலைநகருக்குப் படிக்க வரும் நம்மவரின் பெட்டியில் பாடநூல்களோடு பாட்டும் சேர்ந்தே வந்துவிடுகிறது. இந்நாளில் அப்பாட்டு பெரும்பாலும் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது உண்மையே. ஆயினும் அண்மை ஆண்டுகளில் இசைத்தட்டின்மேல் மீண்டும் ஓர் ஆசை முளைத்திருக்கிறது. ஊர்ப் பரணிலிருந்து பாட்டனார் காலத்துத் தட்டுகளை இறக்கிக் கொண்டுவருவோர் உண்டு. ஜும்மா மசூதிக்கு அருகே மீனா பஜாரில் பழைய தட்டுகளைத் துருவித் தேடுவோரும் உண்டு.

தட்டு வந்துவிட்டால் அடுத்தாற்போல் கருவி வேண்டும். கருவி வாங்கப் புறப்பட்டால் உடனே ஒரு வழக்கு எழும். “வால்வுதான் பாட்டு, மற்றதெல்லாம் வெறும் சத்தம்” என்பார் ஒருவர். “வால்வு அருங்காட்சியகத்துப் பொருள், டிரான்சிஸ்டர் இருக்க அது எதற்கு?” என்பார் மற்றவர். இருவர் பேச்சையும் கேட்டுத் தலை சுற்றி, உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தை ஏதோ ஒன்றில் கொட்டிவிட்டு வருபவர் மாணவர். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். தேய்ந்த ஊசியால் கீறப்பட்ட பாட்டனாரின் தட்டு மீண்டும் வாராது. ஆகவே இவ்வழக்கை நடுநின்று ஆராய்வது பயனுடையதாகும்.

மந்திர் மார்க்கும் வால்வும்

மந்திர் மார்க்கை நம்மில் அறியாதார் இலர். முன்பு ரீடிங் ரோடு என்ற பெயர் தாங்கிய அச்சாலையில் 1939-இல் காந்தியடிகள் திறந்துவைத்த பிர்லா மந்திர் இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருக்கிறது. மைய அரசின் அலுவலகங்களில் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்கள் கோல் மார்க்கெட், மந்திர் மார்க், கரோல்பாக் வட்டாரங்களில் குடியிருந்த காலத்தில், வீட்டு வானொலி என்றால் அது வால்வு வானொலியே. விசையைத் திருப்பினால் உடனே பேசாது. உள்ளே வால்வுகள் மெல்லச் சிவந்து சூடேறும். அதன் பிறகே குரல் வரும். 1943 முதல் நாடாளுமன்றச் சாலையிலுள்ள கட்டடத்தில் இயங்கிய வானொலி நிலையத்திலும் அந்நாளில் ஒலியைப் பெருக்கியவை வால்வுகளே.

அவ்வால்வுகளை முதலில் வெளிநாட்டிலிருந்து தருவித்தோம். 1954-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே, அதாவது 1962-இல், ஜெர்மானியம் கொண்டு செய்யும் டிரான்சிஸ்டர் வகைப் பொருள்களையும் அதே நிறுவனம் செய்ய முற்பட்டது. ஆக, நம் நாட்டில் இவ்விரண்டும் ஏறக்குறைய உடன்பிறந்தோர் எனலாம். அந்த உடன்பிறந்தோரின் பங்காளிச் சண்டைதான் இன்றும் ஓயாமல் நடக்கிறது!

முன்பெருக்கி என்பது யாது?

ஒலிபெருக்கியை இயக்குவதற்கு ஆற்றல் மிக்க மின்னோட்டம் வேண்டும். அதைத் தருவது பெரிய ஆம்ப்ளிபயர். ஆனால் அப்பெரியவருக்கு ஒரு குறை: மிக மெல்லிய பேச்சு அவர் காதில் ஏறாது. அவருக்கு முன்னே நின்று, மெல்லிய குறியைக் கேட்கத்தக்க அளவுக்கு உயர்த்திக் கொடுப்பதே முன்பெருக்கி. கடைக்காரர் இதைப் ‘பிரீஆம்ப்’ என்பார்.

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் ஊசி, காந்தத்தை அசைத்து மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. பலரும் பயன்படுத்தும் நகர்காந்த வகையில் இது சுமார் 5 மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டில் 200-இல் ஒரு பங்கு. நகர்சுருள் வகையிலோ அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாக இருப்பது உண்டு. நகர்காந்த வகையின் 5 மில்லிவோல்ட்டை 100 மடங்கு பெருக்கினால்தான் அரை வோல்ட் கிடைக்கும்.

பெருக்குவது மட்டும் போதாது. தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளை மிகுத்தும் வெட்டுகிறார்கள். தாழ்ந்த ஒலியை அப்படியே பதித்தால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். உச்ச ஒலியை மிகுக்காவிட்டால் அது ஊசியின் உராய்வொலியில் மூழ்கிவிடும். எனவே கேட்கும்போது தாழ்ந்ததை உயர்த்தி, உயர்ந்ததைத் தாழ்த்திச் சமன் செய்ய வேண்டும். இதற்கான பொது அளவு 1954-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது, ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று அதற்குப் பெயர். இதன்படி நொடிக்கு 20 அதிர்வுடைய ஒலி, 1000 அதிர்வுடைய ஒலியைவிட 9 மடங்குக்குச் சற்று மிகுதியாகப் பெருக்கப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 அதிர்வு உடையது. அந்த 50 அதிர்வில் மேற்கண்ட வளைவு தரும் கூடுதல் பெருக்கம் சுமார் 7 மடங்கு. ஆகவே 100 மடங்கு பெருக்கும் முன்பெருக்கி, மின்சாரத்திலிருந்து கசிந்து வரும் இரைச்சலை 700 மடங்கு பெருக்கிவிடும். ‘உம்ம்’ என்று ஓயாது கேட்கும் அந்த ரீங்காரமே தட்டுப் பிரியரின் முதற் பகைவன். வால்வானாலும் டிரான்சிஸ்டரானாலும் முன்பெருக்கியை மதிப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “தட்டு ஓடாதபோது இது எவ்வளவு மௌனமாக இருக்கிறது?” என்பதே.

இரண்டும் மதகுகளே

வால்வு எப்படிப் பெருக்குகிறது? நம்மூர் ஏரி மதகை நினைவுகூர்க. ஒரு சிறுவன் மதகின் திருகைச் சற்றே திருப்பினால் வாய்க்காலில் வெள்ளம் பாய்கிறது. வெள்ளத்தின் வலிமை ஏரியினுடையது; அதை ஆளும் குறிப்பு மட்டுமே சிறுவனுடையது.

வால்வு என்பது காற்றை அகற்றிய கண்ணாடிக் குழாய். உள்ளே சூடேற்றப்பட்ட எதிர்மின்வாய் எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. எதிரே உள்ள நேர்மின்வாய் அவற்றை இழுக்கிறது. 1904-இல் பிளெமிங் இவ்விரண்டை மட்டும் வைத்துச் செய்தார். 1906-இல் லீ டி பாரஸ்ட் இடையே மூன்றாவதாக ஒன்றை வைத்தார். அதன் செம்மையான வடிவமே கம்பி வலை, அதுவே மதகு. வலையின் மின்னழுத்தம் சிறிது மாறினால் எலெக்ட்ரான் வெள்ளம் பெரிதும் மாறும். முன்பெருக்கிகளில் மிகுதியாகக் காணப்படும் இ.சி.சி. 83 என்ற வால்வில் இந்தப் பெருக்கெண் 100. அமெரிக்கர் இதையே 12 ஏ.எக்ஸ். 7 என்பர். ஒரே குழாய்க்குள் இரண்டு வால்வு அடங்கிய இதன் சூடேற்றும் கம்பிக்கு மட்டும் ஏறக்குறைய 2 வாட் செலவாகிறது. நேர்மின்வாய்க்கு 250 வோல்ட் அளவில் உயர் அழுத்தமும் வேண்டும்.

டிரான்சிஸ்டரும் மதகுதான். ஆனால் வெற்றிடம் இல்லை, சூடேற்றும் கம்பி இல்லை. திண்மப் பொருளுக்குள்ளேயே மின்னோட்டம் ஆளப்படுகிறது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன் இருவரும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அவர்களோடு ஷாக்லியும் சேர்ந்து 1956-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கி விடுகிறார்கள். சில்லின் விலை சிறிது. அழுத்தமும் பத்துப் பதினைந்து வோல்ட் போதும்.

வால்வின் இனிமை எங்கிருந்து வருகிறது?

எந்த மதகும் குறிப்பை முற்றும் பிழையின்றி நிறைவேற்றுவதில்லை. உள்ளே ஒரு சுரம் சென்றால் வெளியே அதனோடு அதன் மடங்குகளும் சிறிதளவு சேர்ந்து வருகின்றன. இதனைத் திரிபு என்பர். இதை நம் இசைமொழியில் கூறினால் எளிதில் விளங்கும்.

ஸட்ஜம் 240 அதிர்வு என்று கொள்வோம். அதன் இரண்டாம் மடங்கு 480. இது மேல் ஸட்ஜம். மூன்றாம் மடங்கு 720. மேல் ஸ்தாயிப் பஞ்சமம். ஐந்தாம் மடங்கு 1200. அதற்கும் மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம். நன்கு சுருதி கூட்டிய தம்புராவில் தானாகவே ஒலிக்கும் காந்தாரம் இதுவே. ஆனால் ஏழாம் மடங்கான 1680 நம் நிஷாதம் எதனோடும் சரியாகப் பொருந்தாது; கைசிகி நிஷாதத்துக்கும் சற்றுக் கீழே விழும். சுரங்களின் மடங்குகளுக்கும் இனிமைக்கும் உள்ள இவ்வுறவை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பும் கருஞ்சாந்து, தோலின் ஓசையை ஒழுங்கான மடங்குகளாக்குகிறது என்பதை 1920-இல் சர் சி. வி. இராமன் உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

வால்வின் திரிபில் மிகுந்து நிற்பது இரண்டாம் மடங்கு. பாடகரின் குரலோடு மேல் ஸட்ஜம் மெல்ல ஒட்டி வருவதால் குரல் சற்றுத் திரண்டு இனிக்கிறது. ‘வெதுவெதுப்பு’ என்று அன்பர்கள் புகழ்வது பெரும்பாலும் இதையே.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு சுரங்கள் ஒன்றாகச் சென்றால் அதே திரிபு அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் உண்டாக்கும். ஸட்ஜமும் பஞ்சமமும், அதாவது 240-ம் 360-ம் சென்றால் கழித்தல் 120. அது கீழ் ஸட்ஜம், குறையில்லை. ஸட்ஜமும் சுத்த ரிஷபமும், அதாவது 240-ம் 256-ம் சென்றாலோ கூட்டல் 496. அது மேல் ஸட்ஜத்துக்கும் மேல் ரிஷபத்துக்கும் நடுவே நிற்கும் அநாதைச் சுரம். தம்புரா, வயலின், மிருதங்கம், கடம் யாவும் சேர்ந்த கச்சேரியில் இத்தகைய அநாதைகள் பெருகினால் இசை கலங்கிவிடும். தனிக் குரலுக்குத் தேனாக இருப்பது பக்கவாத்தியத்தோடு சேரும்போது சேறாகலாம் என்க.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1950-களில் பதிவான இசை முழுதும் ஒலிப்பதிவுக் கூடத்தின் வால்வுக் கருவிகள் வழியாகத்தான் தட்டில் ஏறிற்று. வால்வின் நிறம் ஏற்கெனவே அதில் படிந்திருக்கிறது. ஒருமுறை தாளித்த குழம்பை மறுமுறையும் தாளிக்கத்தான் வேண்டுமா?

அப்படியானால் டிரான்சிஸ்டருக்குக் கெட்ட பெயர் எப்படி வந்தது? தொடக்க காலத்து டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களில், மின்னோட்டம் ஒரு டிரான்சிஸ்டரிடமிருந்து மற்றதற்குக் கைமாறும் இடத்தில் ஒரு சிறு தடுக்கல் இருந்தது. அது காதை உறுத்தியது மெய்யே. ஆனால் அது பெரிய ஆம்ப்ளிபயரின் குறை. முன்பெருக்கியில் அவ்வாறு கைமாற்றும் ஏற்பாடு இருக்க வேண்டியதே இல்லை. அண்ணன் செய்த குற்றத்துக்குத் தம்பியைச் சிறையிடுவது முறையாகாது.

1978-இல் இங்கிலாந்தில் குவாட் நிறுவனத்தின் வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றையும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்கள் இரண்டையும் மறைத்துவைத்துத் தேர்ந்த செவியினரைக் கேட்கச் செய்தனர். எது எது என்று நம்பத்தக்க வகையில் அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. நன்கு வகுக்கப்பட்ட கருவிகளிடையே உள்ள வேறுபாடு, சண்டையின் ஓசை அளவுக்குப் பெரிதன்று என்பது இதனால் புலனாகும்.

நடைமுறையில் காணும் வேறுபாடுகள்

முதலாவது, கம்பியின் நீளம். எளிய அமைப்புள்ள வால்வு முன்பெருக்கியின் வெளிவாயில் தடை சுமார் 40,000 ஓம் இருக்கக்கூடும். மீட்டருக்கு 100 பிக்கோபாரட் கொள்ளும் கம்பியை 5 மீட்டர் இழுத்தால், 8,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகள் தேயத் தொடங்கும். தாளக் கருவிகளின் கூர்மை மழுங்கும். ‘வால்வின் மென்மை’ என்று சிலர் மயங்குவது இத்தேய்வாகவும் இருக்கலாம்! நல்ல வால்வுக் கருவியில் இறுதியில் மற்றொரு வால்வை வைத்து இத்தடையை ஆயிரம் ஓமுக்குள் இறக்கிவிடுவர். டிரான்சிஸ்டரில் 100 ஓம் என்பது எளிது.

இரண்டாவது, அதிர்ச்சி. வால்வுக்குள் இருக்கும் வலை நுண்ணியது. குழாயை விரலால் சுண்டினால் ஒலிபெருக்கியில் ‘டங்’ என்று கேட்கும். ஒலிபெருக்கி வைத்த மேசையிலேயே வால்வுப் பெட்டியையும் வைப்பது தவறு.

மூன்றாவது, தில்லியின் பருவம். மே, ஜூன் திங்களில் வெயில் 45 பாகையைத் தொடுகிறது. புழுதிக் காற்றும் வீசுகிறது. சூட்டோடு வேலை செய்யும் வால்வுக்குக் காற்றோட்டம் வேண்டும். புழுதியோ காற்றோட்டத்தின் வழியே வந்து உயர் அழுத்தமுள்ள இடங்களில் படியும். அடிக்கடி துடைக்கும் பொறுமை இல்லாதார்க்கு வால்வு ஏற்றதன்று.

நான்காவது, தேய்மானம். முன்பெருக்கி வால்வு சில ஆயிரம் மணி நேரம் உழைக்கும். 5,000 மணி என்று கொண்டு நாளைக்கு இரண்டு மணி கேட்டால், ஏறக்குறைய ஏழாண்டு வரும். இது பெருங்குறையன்று. ஆனால் இன்று வால்வு செய்யும் ஆலைகள் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய சில நாடுகளிலேயே உள்ளன. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது ரஷ்ய வால்வு வாராது போகுமோ என்று உலகமெங்கும் வாங்குவோர் கலங்கினர். டிரான்சிஸ்டர் பெட்டிக்கு அவ்வச்சம் இல்லை.

ஐந்தாவதும் தலையாயதும் உயிர்ப் பாதுகாப்பு. வால்வுப் பெட்டிக்குள் 250 வோல்ட் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திச் செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் அந்த அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். அறியாமல் கைவைத்தால் உயிருக்கே கேடு. மீட்டர் வைத்து அழுத்தம் இறங்கியதைக் காணாமல் தொடலாகாது. தனியே இருக்கும்போது பெட்டியைத் திறக்கவும் கூடாது. மூன்று முனைச் செருகியும் நில இணைப்பும் இல்லாத விடுதி அறையில் இதை இயக்கவே வேண்டா. அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்த்துக்கொள்க. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் வரும்.

மின்னுவதெல்லாம் வால்வன்று

மலிவு விலையில் அழகிய சிறு பெட்டிகள் விற்கின்றன. மேலே இரண்டு வால்வு செம்மஞ்சள் ஒளியில் தகதகக்கும். உற்று நோக்கினால், ஒளி வால்வுக்குள்ளிருந்து வருவதில்லை. அடியில் ஒட்டிய சிறு விளக்கிலிருந்து வருவது தெரியும். உள்ளே பெருக்கும் வேலையைச் சில்லு செய்ய, வால்வுக்குப் பத்திருபது வோல்ட் மட்டும் கொடுத்துப் பெயருக்கு நிறுத்தியிருப்பர். கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டியதுபோல! வாங்குமுன், “நேர்மின்வாய்க்கு எத்தனை வோல்ட்?” என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் நடையைக் கட்டுங்கள்.

யாருக்கு எது?

மந்திர் மார்க்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர் மூவரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் கைப்பேசியிலோ கணினியிலோ மட்டும் கேட்பவர். அக்கருவிகள் ஒரு வோல்ட் அளவிலான குறியைத் தரவல்லவை. பெரிய ஆம்ப்ளிபயருக்குப் பெரும்பாலும் அதுவே போதும். இவருக்கு முன்பெருக்கியே தேவையில்லை. பணம் முழுவதையும் ஒலிபெருக்கியில் இடுவாராக.

இரண்டாமவர் பாட்டனாரின் தட்டுகளைக் கேட்க விரும்புபவர். கையில் உள்ளது கொஞ்சம். இவர் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவும் 47,000 ஓம் உள்வாயில் தடையும் உடைய எளிய டிரான்சிஸ்டர் முன்பெருக்கியை வாங்கட்டும். மிச்சப் பணத்தில் நல்ல ஊசி வாங்கட்டும். ஊசி சில நூறு மணி முதல் ஆயிரம் மணி வரையே உழைக்கும். அதன்பின் அது தட்டை உழும் கலப்பை. தட்டு 78 சுற்று வகையாயின் ஒரு எச்சரிக்கை: அதற்கு அகன்ற முனையுள்ள வேறு ஊசி வேண்டும். 1954-க்கு முற்பட்ட தட்டுகள் வேறு வளைவுகளில் வெட்டப்பட்டவை; ஆகவே ஒலியைச் சற்றுத் திருத்திக் கேட்க நேரும். நகர்சுருள் ஊசி வைத்திருப்போருக்கும் முதற்கட்டப் பெருக்கத்துக்கு டிரான்சிஸ்டரே அமைதி மிக்கது.

மூன்றாமவர் கருவியையே காதலிப்பவர். சால்டரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்தவர்; செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் உதிரி தேடி அலைவதில் இன்பம் காண்பவர். இவர் வால்வை எடுத்துக்கொள்ளட்டும். அதன் சிறு திரிபும் இவருக்கு இனிக்கும். அதைத் தாமே சரிசெய்யும் கல்வியும் கிடைக்கும். ஆனால் வழிகாட்டும் மூத்தவர் ஒருவர் அருகிருக்க வேண்டும்.

முடிவாக ஒன்று. பிறர் சொல்லை நம்பி வாங்க வேண்டா. நம் செவியையும் சோதனையின்றி நம்ப வேண்டா. சற்றே உரக்க ஒலிப்பது எதுவாயினும் அதுவே சிறந்ததாகத் தோன்றும் இயல்புடையது செவி. ஆகவே சங்கத்து நண்பர்கள் ஒரு ஞாயிறு மாலை இரண்டு பெட்டிகளைக் கொணர்ந்து, 1000 அதிர்வு ஒலியை ஓடவிட்டு, மீட்டரால் இரண்டின் வெளியழுத்தத்தையும் சமமாக்குக. பெட்டிகளைத் திரைக்குப் பின் வைத்து, நாணயம் சுண்டிப் பதினாறு முறை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்க. பதினாறில் பன்னிரண்டு முறையாவது சரியாகக் கூறினால், அது குருட்டு யோகமாக இருப்பதற்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைந்த வாய்ப்பே உண்டு. அவருடைய செவியை மதிப்போம். கூற இயலாதவர் வருந்த வேண்டா. இரண்டில் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் இன்னும் நான்கு தட்டு வாங்கலாம். பாட்டுக்காகத்தான் பெட்டியே அன்றிப் பெட்டிக்காகப் பாட்டு அன்று!